பார்மசி மாணவரின் மிச்ச நேரம்

பார்மசி மாணவர்களின் படிப்புப் பழக்கம் பற்றி வரும் ஆய்வுகளில் பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை. ஒரு கல்லூரியில் நூறு, இருநூறு மாணவர்களிடம் கேள்வித்தாளைக் கொடுப்பார்கள். அன்றன்றைக்குச் செய்ய வேண்டியதைப் பட்டியல் போடுகிறீர்களா, தேர்வுக்கு முந்தைய நாள்தான் புத்தகத்தைத் திறப்பீர்களா, கைபேசியில் எவ்வளவு நேரம் போகிறது என்று கேட்டு, விடைகளை மதிப்பெண்ணோடு பொருத்திப் பார்ப்பார்கள். நேரத்தை ஒழுங்காகக் கையாளுகிறவர்கள் கூடுதல் மதிப்பெண் வாங்குகிறார்கள் என்று முடிவு வரும். கடைசிப் பத்தியில், மாணவர்களுக்கு நேர மேலாண்மை முகாம் நடத்த வேண்டும் என்று ஒரு பரிந்துரை இருக்கும். முகாமும் நடக்கும்: சனிக்கிழமை பிற்பகலில், ரெக்கார்டு எழுதி முடிக்கலாம் என்று மாணவர்கள் ஒதுக்கி வைத்திருந்த அதே நேரத்தில்.

முடிவு தவறு என்று சொல்ல வரவில்லை. திட்டமிட்டுப் படிப்பவர் தேறுகிறார் என்பதை யாரும் மறுக்கப்போவதில்லை. ஆனால் கையாளுவதற்கு அந்த மாணவரிடம் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று இந்தக் கேள்வித்தாள்கள் கேட்பதில்லை. இருக்கிற நேரத்தில் அவர் செய்கிற வேலை, படிப்பு என்ற பெயருக்குத் தகுதியானதுதானா என்றும் கேட்பதில்லை. இந்த இரண்டையும் கேட்காமல் போனால் பழி முழுவதும் மாணவர் தலையில் விழும். பாதிப் பழி வேறிடத்துக்குப் போக வேண்டியது.

நாற்பது மணி நேர வாரம்

இந்திய பார்மசி கவுன்சிலின் 2014 பி.பார்ம் விதிமுறைகளில் முதல் செமஸ்டர் அட்டவணையை எடுத்துக்கொள்வோம். மனித உடற்கூறியலும் உடலியங்கியலும், பார்மசூட்டிகல் அனாலிசிஸ், பார்மசூட்டிக்ஸ், கனிம வேதியியல் என்று நான்கு பெரிய பாடங்கள். ஒவ்வொன்றுக்கும் வாரத்தில் 3 மணி வகுப்பு, 1 மணி டுடோரியல், 4 மணி பிராக்டிகல். பாடத்துக்கு 8 மணி வீதம் 32 ஆகிவிட்டது. கம்யூனிகேஷன் ஸ்கில்ஸ், வகுப்பும் லேபுமாக 4. பிளஸ் டூவில் உயிரியலுக்குப் பதில் கணிதம் எடுத்து வந்தவர் என்றால் ரெமிடியல் பயாலஜிக்கு இன்னொரு 4. ஆக மொத்தம் 40 மணி நேரம். உயிரியல் படித்து வந்தவருக்கு ரெமிடியல் மேத்ஸ். அதற்கு லேப் கிடையாது என்பதால் இரண்டு மணி குறையும்.

ஆறு நாள் வாரத்தில் இது நாளுக்கு ஏறத்தாழ 7 மணி. இடைவேளைகளுக்கு ஒரு மணி. தமிழ்நாட்டில் பார்மசி கல்லூரிகள் பல ஊருக்கு வெளியே, நெடுஞ்சாலை ஓரத்தில் இருப்பவை. கல்லூரிப் பேருந்தில் போய்வரக் குறைந்தது 2 மணி. தூக்கம் 7. குளியல், சாப்பாடு, துணி துவைப்பது, வீட்டு வேலை என்று 3. கூட்டினால் 20 வருகிறது. மிச்சம் 4 மணி நேரம். அதில் அன்றைய லேப் ரெக்கார்டுக்கு ஒன்றரை மணி போனால், படிப்பதற்கென்று இரண்டரை மணி நேரம்தான் நிற்கும். அதுவும் உடம்பு ஓய்ந்துபோன இரவு ஒன்பது மணிக்குப் பிறகு. வீட்டில் சமையலுக்குக் கை கொடுக்க வேண்டிய பெண்ணுக்கும், மாலையில் மருந்துக்கடையில் நின்று கைச்செலவுக்குச் சம்பாதிக்கும் பையனுக்கும் அந்த இரண்டரை மணியும் முழுதாகக் கிடைக்காது.

இதையும் ஷிப்ட் முறையில் மதியமே வீடு திரும்பிவிடும் கலைக் கல்லூரி மாணவரின் பொழுதையும் ஒரே கேள்வித்தாளால் அளக்கிறார்கள். 'நான் என் நேரத்தை நன்கு பயன்படுத்துகிறேன்' என்ற வரிக்கு இருவரும் ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண் போட வேண்டும். பார்மசி மாணவர் இரண்டு போட்டால், அவருக்குத் திட்டமிடத் தெரியவில்லை என்று ஆய்வு எழுதிவிடும்.

சர்க்கரைப் பாகும் மூன்று மதிப்பெண்ணும்

ரெக்கார்டு நோட்டு பற்றி விரிவாகவே பேச வேண்டும். பார்மசி மாணவரின் மாலைப் பொழுதை அதிகம் தின்பது அதுதான். ஆய்வுகளில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை.

முதல் செமஸ்டர் பார்மசூட்டிக்ஸ் லேபில் முதலில் வருவது சிரப், அதாவது வெறும் சர்க்கரைப் பாகு. பாடத்திட்டம் அதை 1966-ஆம் ஆண்டு இந்தியப் பார்மகோபியாவின்படி செய்யச் சொல்கிறது. (அதற்குப் பிறகு எத்தனையோ பதிப்புகள் வந்துவிட்டன.) எடைக்கு எடை 66.7 சதவீதம் சர்க்கரை. மாணவர் லேபில் செய்கிறார், அப்சர்வேஷன் நோட்டில் குறிக்கிறார், கையெழுத்து வாங்குகிறார். பிறகு வீட்டில் அதையே ரெக்கார்டில் நோக்கம், தத்துவம், தேவையான பொருட்கள், செய்முறை, கணக்கு, பயன், சேமிப்பு, லேபிள் என்று தலைப்பு வாரியாக, அடிக்கோடு போட்டு, எழுத்துப் பிசகாமல் எழுதுகிறார். எழுதுகிறார் என்பது மரியாதைச் சொல். சீனியரின் ரெக்கார்டைப் பக்கத்தில் திறந்து வைத்து, பாட்டு கேட்டுக்கொண்டே பார்த்து எழுதுகிறார்.

வைவாவில் எக்ஸாமினர் கேட்பார்: ஏன் 66.7? விடை எளிதுதான். அந்த அடர்த்தியில் பாகே தன்னைக் காத்துக்கொள்ளும். சவ்வூடு அழுத்தம் அதிகமாக இருப்பதால் நுண்ணுயிரிகள் வளர முடியாது. சர்க்கரை குறைந்தால் பூஞ்சை பிடிக்கும், கூடினால் படிகமாக உறையும். இந்த ஒரு காரணம் புரிந்தால், பாட்டிலை நிரம்ப ஊற்றி இறுக மூடி ஏன் வைக்க வேண்டும், வெப்பநிலை ஏறி இறங்கும் இடத்தில் ஏன் வைக்கக் கூடாது என்பதெல்லாம் தானாக வந்துவிடும். ஆனால் 66.7 என்ற எண்ணை அழகாக எழுதிய மாணவர்களில் பலர் அந்தக் கேள்விக்கு வாய் திறப்பதில்லை. கை எழுதியது, மனம் அங்கே இல்லை.

இத்தனை உழைப்புக்கும் விதிமுறை எவ்வளவு தருகிறது? ஒரு பிராக்டிகல் பாடத்துக்கு மொத்தம் 50 மதிப்பெண். செமஸ்டர் தேர்வுக்கு 35, இன்டர்னலுக்கு 15. அந்தப் பதினைந்தில் 10 செஷனல் என்னும் இடைக்காலத் தேர்வுக்கு, 5 தொடர் மதிப்பீட்டுக்கு. அந்த ஐந்திலும் 2 வருகைப்பதிவுக்குப் போக, ரெக்கார்டு, அவ்வப்போதைய வைவா எல்லாவற்றுக்கும் சேர்த்து மிஞ்சுவது 3. ஒரு செமஸ்டர் முழுக்க எழுதிய மாலைகளுக்கு ஐம்பதில் மூன்று. மதிப்பெண் கணக்கை நன்கு அறிந்த மாணவர்கூட இந்த மூன்றுக்காக மணிக்கணக்கில் எழுதுவதற்குக் காரணம், ரெக்கார்டு முடிக்காமல் பிராக்டிகல் தேர்வுக்கு உட்கார முடியாது என்ற பயம்தான். மிரட்டி வாங்கும் நேரத்தை மாணவரின் படிப்பு நேரக் கணக்கில் சேர்ப்பது நியாயம் இல்லை.

ரெக்கார்டே வேண்டாம் என்பதல்ல என் வாதம். மருந்துத் தொழிற்சாலையில் ஒவ்வொரு பேட்ச்சுக்கும் ஆவணம் உண்டு. எழுதாதது நடக்காததற்குச் சமம் என்பது அங்கே வேதவாக்கு. அந்தப் பழக்கம் கல்லூரியிலேயே வர வேண்டும். ஆனால் தொழிற்சாலை கேட்பது செய்யும்போதே எழுதிய பதிவை. வீட்டில் உட்கார்ந்து பார்த்து எழுதிய அழகுப் பிரதியை அங்கே காட்டினால் வேலை போய்விடும். லேபிலேயே எழுதி, லேபிலேயே கையெழுத்து வாங்கி முடிக்கும் ஒற்றை நோட்டு போதும். அப்சர்வேஷன் ஒன்று, ரெக்கார்டு ஒன்று என்று இரண்டு எதற்கு?

அடுத்த தேதி எதுவோ அதைப் படிப்பது

2007-ல் கார்னெல், பியோர்க் என்ற இரண்டு உளவியலாளர்கள் லாஸ் ஏஞ்சலீஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் 472 மாணவர்களிடம், அடுத்து என்ன படிப்பது என்று எப்படி முடிவு செய்கிறீர்கள் எனக் கேட்டார்கள். 59 சதவீதத்தினரின் பதில்: எதற்குக் கெடு நெருங்கிவிட்டதோ, அல்லது தாண்டிவிட்டதோ, அதை. நம் ஊர் பார்மசி கல்லூரி விடுதியில் கேட்டாலும் இதே பதில்தான் வரும். காரணம் சோம்பல் அல்ல, நாள்காட்டி.

ஒரு செமஸ்டருக்குக் குறைந்தது 100 வேலை நாட்கள். அதற்குள் ஒவ்வொரு பாடத்துக்கும் இரண்டு செஷனல். 30 மதிப்பெண்ணுக்கு நடத்தி 15-ஆகக் குறைப்பது. பிறகு பல கல்லூரிகளில் மாடல் தேர்வு, அப்புறம் பிராக்டிகல், கடைசியில் பல்கலைக்கழகத் தேர்வு. செஷனல் வரும் வாரத்தில் எல்லாப் பாடமும் வரிசையாக வரும். மற்ற வாரங்களில் எதுவுமே வராது. ஆகவே மாணவரும் அந்த ஒரு வாரம் விழித்திருந்து, மற்ற வாரங்களில் ரெக்கார்டும் அசைன்மென்ட்டும் எழுதி ஓட்டுகிறார். கலந்தாய்வின் கடைசிச் சுற்றுகளில் சேருகிற முதலாண்டு மாணவருக்கு அந்த மற்ற வாரங்களும் கிடையாது. அவர் வகுப்பறைக்கு வழி கேட்டு வந்து சேர்வதற்குள் முதல் செஷனல் தேதி பலகையில் இருக்கும்.

அரியர் விதியும் இதே பக்கம்தான் தள்ளுகிறது. முதல் மூன்று செமஸ்டர்களில் தவறிய பாடங்களை நான்காம் செமஸ்டர் தேர்வு வரை சுமந்துகொண்டு போகலாம். ஆனால் முதல் இரண்டு செமஸ்டர் பாடங்கள் அனைத்தையும் முடிக்காமல் ஐந்தாம் செமஸ்டர் வகுப்பில் உட்கார முடியாது. முதல் நான்கையும் முடிக்காமல் ஏழாம் செமஸ்டருக்குள் நுழைய முடியாது. கருணையோடு எழுதப்பட்ட விதி என்பதில் ஐயமில்லை. முதல் செமஸ்டரில் ஆங்கிலத்தில் திணறிய பிள்ளை எழுந்து நிற்க அவகாசம் தருகிறது. ஆனால் தள்ளிப்போடுகிறவருக்கு இதைவிட வசதியான விதி வேறில்லை. பார்த்துக்கொள்ளலாம், பார்த்துக்கொள்ளலாம் என்று இரண்டு வருடம் ஓடிய பிறகு, பார்மகாலஜியும் மெடிசினல் கெமிஸ்ட்ரியும் உச்சத்தில் இருக்கும் நேரத்தில் முதலாண்டுக் கனிம வேதியியல் வந்து கழுத்தைப் பிடிக்கும்.

தள்ளிப்போடுவதன் விலை பற்றி 1997-ல் டைஸ், பாமைஸ்டர் இருவரும் வெளியிட்ட ஆய்வு பெயர் பெற்றது. பருவத் தொடக்கத்தில் தள்ளிப்போடுகிற மாணவர்கள் மற்றவர்களைவிட மன அழுத்தம் குறைந்து, நோய்நொடி குறைந்து இருந்தார்கள். பருவ முடிவில் அதெல்லாம் தலைகீழானது, மதிப்பெண்ணும் குறைந்தது. முதல் பாதியில் கிடைத்த நிம்மதியைவிட இரண்டாம் பாதியில் கொடுத்த விலை அதிகம். நாட்டில் எந்த மாணவருக்கும் இது தெரியாததல்ல. தெரிந்தும் செய்வதற்கு, தொடக்கத்தில் படித்தால் தொடக்கத்திலேயே ஒரு பலன் கண்ணில் படாததுதான் காரணம்.

படித்தது போல் இருப்பதும் படிப்பதும்

இனி அந்த இரண்டரை மணி நேரத்துக்கு வருவோம். அதில் என்ன நடக்கிறது? வாட்ஸ்அப்பில் வந்த நோட்ஸைத் திறந்து, வரிகளுக்கு மஞ்சள் பூசி, இரண்டு முறை படிப்பது. பழைய கேள்வித்தாள்களிலிருந்து திரும்பத் திரும்ப வரும் பத்து மதிப்பெண் கேள்விகளைக் குறித்துக்கொண்டு அவற்றை மட்டும் உருப்போடுவது. யூடியூபில் ஒரு யூனிட்டை ஒன்றரை மடங்கு வேகத்தில் பார்த்து முடிப்பது.

2013-ல் டன்லோஸ்கியும் குழுவினரும் பத்துப் படிப்பு முறைகளைப் பற்றி வந்த ஆய்வுகளை எல்லாம் திரட்டி எடைபோட்டார்கள். அடிக்கோடிடுவது, மறுபடி மறுபடி வாசிப்பது, சுருக்கம் எழுதுவது ஆகியவை பயன் குறைந்த பட்டியலில் விழுந்தன. பயன் மிகுந்தவை என்று அவர்கள் தேர்ந்தவை இரண்டே இரண்டு: தன்னைத்தானே சோதித்துக்கொள்வது, படிப்பை நாட்களுக்கிடையே பிரித்து வைப்பது. ரோடிகர், கார்ப்பிக் இருவரும் 2006-ல் செய்த சோதனை இதன் ஆணிவேர். ஒரு சிறு பகுதியை ஒரு குழு இருமுறை படித்தது; இன்னொரு குழு ஒருமுறை படித்து, ஒருமுறை பார்க்காமல் எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் இருமுறை படித்தவர்கள் 81 சதவீதம் சொன்னார்கள், எழுதிப் பார்த்தவர்கள் 75. ஒரு வாரம் கழித்துக் கேட்டால் படித்தவர்கள் 42, எழுதியவர்கள் 56. மறுவாசிப்பு ஐந்து நிமிடத்துக்கு வெல்கிறது, ஒரு வாரத்துக்குத் தோற்கிறது. செஷனல் ஹாலுக்கு வெளியே நோட்டைப் புரட்டிக்கொண்டு நிற்கிற மாணவர் முட்டாள் அல்ல. அவர் ஐந்து நிமிடக் கணக்கில் சரியாகத்தான் செய்கிறார். பார்மசி படிப்புக்கு அந்தக் கணக்கு உதவாது, அவ்வளவுதான்.

ஏன் உதவாது என்பதற்கு நான்காம் செமஸ்டர் பார்மகாலஜியிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு. ப்ரோப்ரனோலால், அட்டெனோலால், மெட்டோப்ரோலால் என்று 'லால்' என முடியும் பீட்டா தடுப்பான்கள். நோட்ஸில் இவற்றுக்கு இரண்டு பக்கம் இருக்கும். இருமுறை வாசித்தால் எல்லாம் தெரிந்தது போலவே இருக்கும். நோட்ஸை மூடிவிட்டு ஒரு வெள்ளைத் தாளில் மூன்று கேள்விகளுக்கு விடை எழுதிப் பாருங்கள். ஆஸ்துமா நோயாளிக்கு ப்ரோப்ரனோலால் ஏன் ஆகாது? அது இதயத்தில் உள்ள பீட்டா-1 ஏற்பியோடு நிற்காமல் மூச்சுக்குழாயில் உள்ள பீட்டா-2 ஏற்பியையும் அடைத்துவிடும், குழாய் சுருங்கும். மற்ற இரண்டும் பெரும்பாலும் பீட்டா-1 பக்கமே சாய்பவை. கெட்ட கனவு வருகிறது என்று நோயாளி சொன்னால் எந்த மருந்தைச் சந்தேகிப்பது? கொழுப்பில் கரைந்து மூளைக்குள் எளிதாகப் போகும் ப்ரோப்ரனோலாலை. இன்சுலின் போடுகிறவருக்கு ஏன் எச்சரிக்கை? சர்க்கரை தாழும்போது வரும் படபடப்பை இது மறைத்துவிடும். வியர்வை மட்டும் மறையாது. மூன்றில் ஒன்றுக்காவது பேனா நின்றுவிடும். நின்ற இடம்தான் அன்றைக்குப் படிக்க வேண்டிய இடம். இருபது நிமிட வேலை இது.

பிரித்துப் படிப்பதோடு கலந்து படிப்பதும் சேர வேண்டும். பாடத்திட்டம் மருந்துகளை அலமாரி அலமாரியாகக் கொடுக்கிறது, மனமோ பெயரின் ஓசையை வைத்துக் குழப்பிக்கொள்கிறது. ஒமிப்ரசோல் வயிற்று அமிலத்துக்கு. ஃபுளுகோனசோல் பூஞ்சைக்கு. அல்பெண்டசோல் புழுவுக்கு. மெட்ரோனிடசோல் அமீபாவுக்கும் காற்றில்லா பாக்டீரியாவுக்கும். கார்பிமசோல் தைராய்டுக்கு. ஒமிப்ரசோலின் உடன்பிறப்பு போல ஒலிக்கும் அரிபிப்ரசோல் மனச்சிதைவுக்கு. இவை மூன்று பார்மகாலஜி தாள்களில், மூன்று செமஸ்டர்களில் சிதறிக் கிடக்கின்றன. எந்தத் தேர்விலும் இவற்றை ஒன்றாக நிறுத்திக் கேட்க மாட்டார்கள். மருந்துக்கடைக் கவுண்டரில் கிறுக்கல் சீட்டு ஒன்றுதான் அப்படிக் கேட்கும்.

எத்தனை நாள் இடைவெளி விடுவது? செப்பேடாவும் சக ஆய்வாளர்களும் 2008-ல் 1,350-க்கும் மேற்பட்டவர்களை வைத்துச் சோதித்தார்கள். ஒரு வாரத்தில் தேர்வு என்றால் மறுபடிப்புக்குச் சிறந்த இடைவெளி அந்தக் காலத்தில் 20 முதல் 40 சதவீதம், அதாவது ஒன்றரை நாளிலிருந்து மூன்று நாள். ஒரு வருடம் கழித்தும் நினைவிருக்க வேண்டும் என்றால் 5 முதல் 10 சதவீதம்; மூன்று வாரத்திலிருந்து ஐந்து வாரம். இறுதியாண்டில் எம்.பார்ம் சேர்க்கைக்கான ஜிபேட் தேர்வு எழுதுகிறவருக்கு இந்தக் கணக்கு முக்கியம். 125 கேள்வி, 3 மணி நேரம், தவறுக்கு ஒரு மதிப்பெண் கழிவு. நான்கு வருடப் பாடமும் ஒரே தாளில். செஷனலுக்குச் செஷனல் விழித்துப் படித்துத் தேறியவர்கள் அப்போது பணம் கட்டி கோச்சிங் சேர்ந்து, இரண்டாம் ஆண்டுப் பாடத்தை முதன்முறையாகப் படிக்கிறார்கள்.

திட்டம் போடுவது பற்றி

நேர மேலாண்மை ஆய்வுகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தது 1991-ல் பிரிட்டன், டெஸர் இருவரும் வெளியிட்டது. கல்லூரி மாணவர்கள் 90 பேரிடம் நேரம் பற்றிக் கேள்வி கேட்டுவிட்டு, நான்கு வருடம் காத்திருந்து அவர்களின் மதிப்பெண் சராசரியைப் பார்த்தார்கள். அன்றைக்கும் அந்த வாரத்துக்கும் திட்டம் போடுகிறவர்கள் முன்னே இருந்தார்கள். என் நேரம் என் கையில் இருக்கிறது என்ற எண்ணம் உள்ளவர்களும். நீண்டகாலத் திட்டத்துக்கும் மதிப்பெண்ணுக்கும் தொடர்பே தென்படவில்லை. செமஸ்டர் தொடக்கத்தில் ஐந்து வண்ணப் பேனாவால் நான்கு மாத அட்டவணை வரைந்து சுவரில் ஒட்டி, பத்தாம் நாள் அதைப் பார்க்க வெட்கப்படும் மாணவர்களுக்கு இது ஆறுதல் தரட்டும்.

திட்டங்கள் ஏன் சரிகின்றன என்பதற்கு விடை 1994-ல் வந்தது. பியூலர், கிரிஃபின், ராஸ் மூவரும், இறுதியாண்டு ஆய்வேட்டை எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று மாணவர்களிடம் கேட்டார்கள். சராசரியாகச் சுமார் 34 நாள் என்றார்கள். ஆனது ஏறத்தாழ 55. எல்லாமே கெட்டுப்போனால் எவ்வளவு ஆகும் என்று கேட்டதற்குச் சொன்ன கணக்கும் 49-ஐத் தாண்டவில்லை. எட்டாம் செமஸ்டரில் பிராஜெக்ட் வேலையில் இருப்பவர் யாரும் இதைப் படித்துச் சிரிக்கமாட்டார். ஆகவே ஒரு யூனிட்டுக்கு ஒரு மணி என்று போட்டால் ஒன்றரை மணி என்று திருத்திக்கொள்வதுதான் அனுபவப்பட்டவர் வழி. 25 நிமிடம் படித்து 5 நிமிடம் ஓய்வெடுக்கும் பொமோடோரோ போன்ற உத்திகள் சிலருக்கு உதவும். சிலருக்கு அந்த மணியடிக்கும் செயலியைத் தேர்ந்தெடுப்பதிலேயே ஒரு மாலை போகும்.

ஏயான், ஃபேபர், பனாச்சியோ மூவரும் 2021-ல் 158 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது வந்த விடை முகாம் நடத்துகிறவர்கள் கவனிக்க வேண்டியது. நேர மேலாண்மைக்கும் வேலைத்திறன், கல்வித் தேர்ச்சி ஆகியவற்றுக்கும் மிதமான தொடர்பு இருக்கிறது. வாழ்க்கை நிறைவோடு உள்ள தொடர்பு அதைவிட வலுவானது. திட்டமிடுவது மதிப்பெண்ணைக் கொஞ்சம் ஏற்றும். மனத்தை நிறையவே இலேசாக்கும். மதிப்பெண்தான் வேண்டும் என்றால், மிச்ச நேரத்தில் எப்படிப் படிக்கிறார் என்பதையும் மாற்ற வேண்டும்.

தொடர்பு என்பது காரணம் அல்ல என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். நம் கல்லூரிகளில் நடக்கும் ஆய்வுகள் பெரும்பாலும் ஒரே நாளில் எடுத்த கணக்கு. மாணவர் தாமே தம்மைப் பற்றிச் சொன்னது. நன்றாகப் படிக்க முடிகிறவருக்கு நேரம் தன் கையில் இருப்பதாகத் தோன்றும். அரியர் ஏழு வைத்திருப்பவருக்கு எப்படித் தோன்றும்? எது முன்னே, எது பின்னே என்று ஒரு நாள் கேள்வித்தாள் சொல்லாது.

தமிழ்வழியில் பிளஸ் டூ முடித்து வந்தவரின் நேரம் இந்தக் கணக்குகள் எதிலும் சிக்குவதில்லை. அவருக்கு உடற்கூறியல் பாடநூலான டார்டோராவில் ஒரு பக்கம் படிக்க மற்றவரைவிட இரண்டு மடங்கு நேரம் ஆகிறது. வகுப்பில் ஆசிரியர் தமிழில் விளக்கும்போது புரிகிறது, தேர்வில் ஆங்கிலத்தில் எழுத வரவில்லை. புரிந்ததை விட்டுவிட்டு வாக்கியத்தை உருப்போடுகிறார். முதலில் தமிழில் சொல்லிப் பார்த்து, பிறகு கலைச்சொற்களை மட்டும் ஆங்கிலத்தில் நிறுத்தி, சின்னச் சின்ன வாக்கியங்களாக எழுதிப் பழகினால் இரண்டாம் செமஸ்டருக்குள் தேறிவிடுவார். அதை அவருக்கு ஒருவர் உட்கார்ந்து சொல்ல வேண்டும். பார்ம்.டி மாணவர்களின் சிக்கல் வேறு வகை: ஆறு ஆண்டுப் படிப்பு, ஆண்டுத் தேர்வு, மருத்துவமனை வார்டுகளில் சுற்று. அவர்களுக்கு வார்டில் பார்த்த நோயாளியே சிறந்த கேள்வித்தாள். அன்று பார்த்த மருந்துச் சீட்டைக் கொண்டே மாலையில் பாடத்தைத் திருப்பிப் பார்க்கிறவர்கள் தனியாகத் திட்டம் போடத் தேவையில்லை.

தூக்கத்தைப் பற்றி இரண்டு வரி. பகலில் படித்ததை மூளை நிலைப்படுத்துவது தூக்கத்தில்தான். இரவு முழுக்க விழித்துப் படித்தவர் படிப்பையும் இழக்கிறார், மறுநாள் 4 மணி நேர லேபில் பியூரெட்டைத் திறந்துவிட்டு நிற்கிறார்.

மாணவர்களுக்குச் சொல்ல இருப்பது கொஞ்சம்தான். இரவு இரண்டரை மணியில் முதல் அரை மணியை, நோட்ஸைத் திறக்காமல் வெள்ளைத் தாளோடு தொடங்குங்கள்; அன்றைய பாடத்தோடு போன வாரத்துப் பாடம் ஒன்றையும் எழுதிப் பாருங்கள். திட்டம் ஒரு வாரத்துக்கு மேல் வேண்டாம்.

ஆசிரியர்களிடமும் முதல்வர்களிடமும் கேட்பதற்குத்தான் அதிகம் இருக்கிறது. ரெக்கார்டை லேபுக்குள் முடித்துக்கொடுங்கள். எல்லாப் பாடத்தையும் செஷனல் வாரத்தில் குவிக்காமல், இடையிடையே பத்து நிமிடச் சிறுதேர்வு வையுங்கள். இது புதுமை அல்ல. தொடர் மதிப்பீட்டின் 10 மதிப்பெண்ணில் 3 மதிப்பெண் வினாடி வினா, திறந்த புத்தகத் தேர்வு, குழு விவாதம், கருத்தரங்கு போன்றவற்றுக்கு என்று கவுன்சில் எழுதியே வைத்திருக்கிறது. நடைமுறையில் அது இணையத்திலிருந்து பார்த்து எழுதிய அசைன்மென்ட்டாகச் சுருங்கிவிட்டது. ஒவ்வொரு பெரிய பாடத்துக்கும் வாரம் ஒரு மணி டுடோரியல் உண்டு. பல இடங்களில் அந்த மணி, முடியாத போர்ஷனை ஓட்டி முடிக்கும் இன்னொரு லெக்சராகப் போகிறது. நான்கு பாடத்துக்கு வாரம் நான்கு மணி. புத்தகத்தை மூடி, பேனாவைத் திறந்து மாணவர் எழுதிப் பார்க்க வேண்டிய நேரம் அது. அதை அப்படி நடத்த எந்தக் கவுன்சிலின் அனுமதியும், எந்த முகாமும் தேவையில்லை. இந்தச் செமஸ்டரிலேயே தொடங்கலாம்.